புது பட்டர் வாங்குவதா, பழையதை வெட்டுவதா?

கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கலாம். கோல்ஃபில் என் ஹேண்டிகேப் 22, அதாவது கோர்ஸின் கணக்கைவிடச் சுமார் 22 ஸ்ட்ரோக் (அடி) கூடுதலாக ஆடுகிறவன். கிரீனில், குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில், ஏறிய பிறகு வீணாகும் ஸ்ட்ரோக்கில் நாலைந்தைக் குறைக்க வேண்டும். பணத்தையும் நேரத்தையும் எதில் போடுவது? சனிக்கிழமை காலை என்னோடு ஆடும் மூன்று பேரிடம் கேட்டேன். ஒருவர் புது பட்டர் வாங்கச் சொன்னார். ஒருவர் கோச்சிடம் போகச் சொன்னார். மூன்றாமவர் கிரிப்பை, அதாவது கட்டையைப் பிடிக்கும் விதத்தை, மாற்றச் சொன்னார். அவர் மாதத்துக்கு ஒரு கிரிப் மாற்றுகிறவர்.

(பட்டர் என்று தமிழில் எழுதினால் ரொட்டியில் தடவுவதும் ஞாபகம் வரும், ஸ்ரீரங்கம் கோயில் பட்டரும் ஞாபகம் வருவார். வேறு வழியில்லை. இந்தக் கட்டுரையில் பட்டர் என்றால் கிரீனில் பந்தைக் குழிக்கு உருட்டும் கோல்ஃப் கட்டைதான். அப்படி உருட்டும் அடி பட்.)

கடைக்குப் போகும் முன் ஒரு வேலை செய்தேன். ஒரு சனிக்கிழமை ஸ்கோர் கார்டின் ஓரத்தில் ரெண்டு எண்களைக் கூடுதலாகக் குறித்தேன். முதல் பட்டை எத்தனை காலடி தூரத்திலிருந்து அடித்தேன் என்பது ஒன்று. அடித்த பந்து குழியிலிருந்து எவ்வளவு தள்ளி நின்றது என்பது இன்னொன்று. அன்றைக்கு மொத்தம் 97. அதில் பட் மட்டும் 38. நாலு ஹோலில் ஒரே பட், எட்டு ஹோலில் ரெண்டு, ஆறு ஹோலில் மூன்று.

அந்த ஆறு த்ரீ-பட்டைத்தான் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தேன். மூன்றடிக்குள் இருந்த பந்தைத் தவறவிட்டது ஒரே ஒரு முறை. மற்ற ஐந்திலும் முதல் பட்டே ஐந்தடிக்கு மேல் தள்ளி நின்றிருக்கிறது. அதில் நாலு குட்டை, ஒன்று தாண்டிப் போனது. 11ஆம் ஹோலில் 12 காலடியிலிருந்து அடித்தது எட்டடி முன்னாலேயே நின்றுவிட்டது. குறி சரியாகத்தான் இருந்தது. குழியை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது, அவ்வளவுதான்.

72 ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டிய, அதாவது பார் 72 கோர்ஸில் கிரீனுக்கு ரெண்டு பட் என்று 36 பட் ஒதுக்கியிருக்கிறார்கள். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளான பிஜிஏ டூரின் ஆட்டக்காரர்கள் ஒரு ரவுண்டுக்கு சுமார் 29 பட்டில் முடிப்பார்கள். அந்த 29ஐப் பார்த்து மயங்க வேண்டாம். கிரீனைத் தவறவிட்ட ஹோலில் சிப் அடித்து (பந்தைச் சின்னதாகத் தூக்கிப் போட்டு) குழிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து ஒரே பட்டில் போடுவதும் அதில் சேர்ந்திருக்கிறது. வெறும் பட் எண்ணிக்கை ஏமாற்றும் என்பதால்தான் 2011இல் பிஜிஏ டூர் ஸ்ட்ரோக்ஸ் கெய்ன்டு என்ற கணக்குக்கு வந்தது. எவ்வளவு தூரத்திலிருந்து அடித்தாய், அந்தத் தூரத்துக்கு மற்றவர்கள் சராசரியாக எத்தனை பட் எடுக்கிறார்கள் என்று ஒப்பிடும் கணக்கு அது. அதற்கு அடிப்படை போட்டவர் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி. அவர் எண்களில் எனக்கு உறைத்தது ஒன்று: டூர் ஆட்டக்காரர் பாதிக்குப் பாதி போடும் தூரம் 8 அடி. ரவுண்டுக்கு 90 ஸ்ட்ரோக் எடுக்கும் சாமானியருக்கு அது 5 அடி. 20 அடியிலிருந்து டூர் ஆட்டக்காரர்கள்கூட நூற்றுக்குப் பதினைந்து தடவைதான் போடுகிறார்கள். ஆக 20 அடியிலிருந்து போடாததற்கு நான் வருத்தப்படுவதில் அர்த்தமே இல்லை. இரண்டாவது பட்டை 6 அடியில் விட்டு வைத்ததற்குத்தான் வருத்தப்பட வேண்டும்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். பள்ளிக்கூடத்து முக்கோணக் கணக்குதான். குழியின் அகலம் 4.25 அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். நடுவிலிருந்து விளிம்புக்கு ரெண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். பட்டர் ஃபேஸ், அதாவது பந்தில் படும் முகம், 1 டிகிரி திரும்பினால் 10 அடியில் பந்து ரெண்டு அங்குலம் விலகும், கிட்டத்தட்ட விளிம்பு. 3 அடியில் 3 டிகிரி வரை தவறினாலும் மெதுவாகப் போன பந்து விழும். இது சமதரைக்கு. இப்போது 30 அடிக்கு வருவோம். திசையில் 2 டிகிரி தவறினால் பந்து ஓர் அடி விலகும். நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு தவறினால் ஆறடி. என்னைப்போல ஆடுகிறவருக்கு ஐந்தில் ஒரு பங்கு தவறுவது சர்வ சாதாரணம். தூரத்துப் பட்டில் நம்மைக் கவிழ்ப்பது லைன் (திசை) இல்லை, அளவு (தூரம்). இதை மனதில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வழியையும் பார்க்கலாம்.

புது பட்டர்

ஆசை இங்கேதான் இழுக்கிறது. பட்டரைக் குறை சொன்னவன் ஜெயித்த கதைகளும் இல்லாமல் இல்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கில் இன்ஜினீயராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம் நாற்பது வயதுக்கு மேல் கோல்ஃப் ஆட வந்தார். பட்டிங் வரவில்லை. கட்டைதான் சரியில்லை என்று தானே ஒன்றைச் செய்தார். அடித்தால் 'பிங்' என்று சத்தம் வந்தது. கம்பெனிக்கும் அதுவே பெயராயிற்று. 1966இல் அவர் போட்ட ஆன்சர் மாடலின் முதல் வரைபடம் ஓர் இசைத்தட்டு உறையின்மேல் வரையப்பட்டது. எடையை இரண்டு ஓரங்களுக்கும் தள்ளி வைத்தார். பந்து நடுவில் படாமல் கொஞ்சம் ஓரத்தில் பட்டாலும் தலை முறுக்கிக்கொள்ளாது. இன்றைக்குக் கடையில் தொங்கும் பிளேடு (ஒல்லியான தலை) பட்டர்களில் பாதி அதன் பிள்ளை, பேரன்.

1986இல் 46 வயது ஜாக் நிக்லாஸ் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்தபோது கையில் இருந்தது மெக்ரெகர் ரெஸ்பான்ஸ் என்ற பெரிய தலை பட்டர். அதற்குப் பிறகு அந்த மாடலுக்கு ஆர்டர் குவிந்தது. 2024 மார்ச்சில் டூர் ஆட்டக்காரர் ஸ்காட்டி ஷெஃப்லர் பிளேடை விட்டு டெய்லர்மேடின் ஸ்பைடர் என்ற மாலெட்டுக்கு (பெரிய தலை பட்டருக்கு) மாறினார். பே ஹில் போட்டியில் ஜெயித்தார், அடுத்த வாரமே பிளேயர்ஸ் போட்டியையும் ஜெயித்தார். 2025 ஜூனில் ஓக்மான்ட் கோர்ஸில் நடந்த யுஎஸ் ஓப்பனில் ஜே.ஜே. ஸ்பான் கடைசி ஹோலில் 64 அடியிலிருந்து போட்டு முடித்தார். கையில் இருந்தது லேப் (L.A.B.) கம்பெனியின் பட்டர். அன்று இரவே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அதன் விலை விசாரிப்பு தொடங்கிவிட்டது. அமெரிக்காவிலேயே 400 டாலருக்கு மேல். இங்கே வந்து சேரும்போது என் 30,000 போதாது.

ஆனால் இந்தக் கதைகளில் நாம் வசதியாக மறந்துவிடும் பாகம் ஒன்று உண்டு. ஷெஃப்லர் பட்டர் மாற்றுவதற்குச் சில மாதம் முன்பே ஃபில் கென்யன் என்ற பட்டிங் கோச்சிடம் சேர்ந்திருந்தார். பலன் பட்டருக்கா, கோச்சுக்கா? ஸ்பானுக்கோ ரெண்டு பட்டில் முடித்தாலே கோப்பை. அந்த 64 அடிப் பட்டில் அவர் செய்த வேலை, பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுவது. விழுந்தது உபரி.

மாலெட்டுக்கும் பிளேடுக்கும் வித்தியாசமே இல்லை என்று சொல்ல வரவில்லை. வீட்டில் இருக்கும் பட்டரை எடுத்து ஷாஃப்டை ஆள்காட்டி விரலின்மேல் படுக்கையாக நிறுத்திப் பாருங்கள். ஃபேஸ் வானத்தைப் பார்த்தால் ஃபேஸ்-பேலன்ஸ்டு. மாலெட்டுகளில் பல இந்த ரகம். தலையின் முனை தரையை நோக்கித் தொங்கினால் டோ-ஹேங். பிளேடுகள் பெரும்பாலும் இப்படி. நேராகப் பின்னால் இழுத்து நேராக முன்னால் தள்ளுகிறவருக்கு முதலாவது ஒத்துவரும், கதவு திறந்து மூடுவதுபோல வளைவாக அடிக்கிறவருக்கு இரண்டாவது என்பது வழக்கமான அறிவுரை. பெரிய மாலெட் ஓரத்தில் பட்ட பந்துக்கும் கொஞ்சம் கருணை காட்டும். தூரம் அவ்வளவாகக் குறையாது. லேப் ரகத்தில் ஃபேஸ் தானாகத் திறக்கவோ மூடவோ போகாதபடி எடையை அமைத்திருக்கிறார்கள். கிட்டத்துப் பட்டில் கை நடுங்குகிறவருக்கு இது உண்மையிலேயே உதவலாம்.

என் குறை அது இல்லையே. ஆறில் ஐந்து த்ரீ-பட் அளவு தெரியாமல் வந்தது. 35,000 ரூபாய்ப் பட்டருக்கும் அந்த அளவு தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது என் கைதான்.

பட்டர் விஷயத்தில் காசுக்குத் தகுந்த மாற்றம் ஒன்று மட்டும் உண்டு. அதை யாரும் விளம்பரம் செய்வதில்லை. நீளம். கடையில் அதிகம் கிடைப்பது 34, 35 அங்குலம். என் உயரம் ஐந்தடி ஐந்து. 35 அங்குலத்தைப் பிடித்து நின்றால் ஒன்று முழங்கை மடங்கிப் பின்னால் போகும், அல்லது பந்து காலை விட்டுத் தள்ளிப் போகும். கண் பந்துக்கு மேலே வராமல் உள்ளே தங்கிவிடும். சோதிப்பது சுலபம். பட்டிங் நிலையில் நின்று மூக்குத்தண்டின் மேலிருந்து இன்னொரு பந்தைக் கீழே விடுங்கள். அது எங்கே விழுகிறது? தரையில் இருக்கும் பந்தின்மேலோ, அதற்கு ஓரிரு அங்குலம் உள்ளேயோ விழுந்தால் போதும். எனக்கு ஒரு சாண் உள்ளே, ஷூவின் நுனியில் விழுந்தது. இத்தனை வருஷம் குழியைச் சாய்வாகப் பார்த்துக்கொண்டே குறிவைத்திருக்கிறேன்.

கோச்

ஒரு மணி நேரம், நான் கொடுத்தது 1,500 ரூபாய். இதில் எனக்குக் கிடைத்த ஒரே தகவல் 1,500க்கும் மேலே பெறும்: நான் குறிவைப்பதாக நினைக்கும் இடம் வேறு, பட்டர் பார்க்கும் இடம் வேறு. அவர் ஃபேஸில் ஒரு சின்னக் கண்ணாடியை ஒட்டி, குழி இருக்கும் இடத்திலிருந்து லேசர் அடித்துக் காட்டினார். 8 அடியில் நான் குழியின் வலது விளிம்புக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடிக்கும்போது கை தானாக இடப்பக்கம் இழுத்துச் சரிசெய்கிறது. சில நாள் சரியாக இழுக்கும், சில நாள் அதிகமாக இழுக்கும். அதைத்தான் நான் 'இன்னிக்கு பட்டிங் ஃபார்ம் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பந்து புறப்படும் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பந்தில் படும் நொடியில் ஃபேஸ் எங்கே பார்க்கிறது என்பதுதான். கை போகும் பாதைக்குச் சின்னப் பங்குதான். ஆகவே குறிவைப்பதில் கோளாறு இருந்தால் நூறு மணி நேரப் பயிற்சியும் அந்தக் கோளாறைத்தான் உறுதிப்படுத்தும். இதை நம்மால் நாமே பார்க்க முடியாது. கோச்சிடம் ஒரு தடவை போவதற்கு என் வோட்டு. பத்து வகுப்புப் பேக்கேஜுக்கு இல்லை. பட்டிங்கில் இரண்டாவது வகுப்புக்கும் ஐந்தாவது வகுப்புக்கும் நடுவில் சொல்வதற்குப் புதிதாக எதுவும் இருப்பதில்லை. அப்போது நல்ல கோச்கூட எதையாவது மாற்றத் தொடங்குவார்.

கிரீனைப் படிப்பது: காலா, கேடியா?

எய்ம்பாயின்ட் என்று ஒரு முறை இருக்கிறது. மார்க் ஸ்வீனி கொண்டுவந்தது. பட் போகும் வழியில் காலை அகட்டி நின்று, சரிவு எவ்வளவு என்று பாதத்தில் உணர்ந்து அதற்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். பிறகு கையை நீட்டி, அத்தனை விரலைக் குழிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் குறிவைக்க வேண்டிய இடம் தெரியும். ஆடம் ஸ்காட், கீகன் பிராட்லி, காலின் மோரிகாவா எல்லாம் இதைப் பயன்படுத்துகிறவர்கள். ஆட்டத்தை இழுத்தடிக்கிறது, தடை செய்யுங்கள் என்று 2025இல் இன்னொரு டூர் ஆட்டக்காரர் லூகாஸ் குளோவர் கொதித்தார். சனிக்கிழமை காலை பின்னால் ரெண்டு குழு காத்திருக்கும்போது காலை அகட்டி நின்று விரல் காட்டிப் பாருங்கள், அவர் சொன்னது புரியும்.

ஸ்டிம்ப்மீட்டர் என்ற அளவுகோலே ஓக்மான்ட்டின் வழுக்கும் கிரீனைப் பார்த்துத்தான் பிறந்தது. 1935 யுஎஸ் ஓப்பனை அங்கே பார்க்கப் போன எட்வர்ட் ஸ்டிம்ப்சன், கிரீனின் வேகத்தை அளக்க, பந்தை உருட்டிவிடும் பள்ளம் வெட்டிய அந்தப் பலகையைச் செய்தார். கிரீன் வேகமாக இருந்தால் சின்னச் சரிவும் பந்தை நிறைய வளைக்கும். அங்கே எய்ம்பாயின்ட் போன்ற முறைக்கு நல்ல மகசூல். சென்னைப் பக்கத்து பெர்முடா புல் கிரீன் அவ்வளவு வழுக்காது. இங்கே சரிவோடு இன்னொரு ஆசாமியும் உண்டு: கிரெய்ன், அதாவது புல் படுத்திருக்கும் திசை. புல் படுத்த பக்கமாக அடித்தால் பந்து ஓடும், எதிர்த்து அடித்தால் இழுத்துப் பிடிக்கும். பந்துக்குப் பின்னால் நின்று பார்க்கும்போது புல் பளபளவென்று தெரிந்தால் நம்மை விட்டு அப்பால் படுத்திருக்கிறது, வேகம். கறுத்துத் தெரிந்தால் எதிர். குழியின் விளிம்பையும் பாருங்கள். ஒரு பக்கம் கூர்மையாகவும் மறுபக்கம் பிய்ந்து பழுப்பாகவும் இருக்கும். பிய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் படுக்கிறது.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது எந்த வகுப்பும் இல்லை, எங்கள் கேடி அண்ணன், அதாவது பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருகிறவர். இருபத்தைந்து வருஷமாக அதே பதினெட்டு கிரீனில் நடக்கிறவர். ஒரு நாள் 5ஆம் ஹோலில் பதினைந்தடி. பார்த்தால் வலப்பக்கம் இறங்குகிறது. "என்னண்ணே, ஒரு கப் லெஃப்டா?" என்றேன், ஒரு குழி அகலம் இடப்பக்கம் குறிவைக்கவா என்று.

"நேரா அடிங்க சார்."

"வலது பக்கம் ஸ்லோப் இருக்கேண்ணே."

"ஸ்லோப் இருக்கு. கிரெய்ன் இடது பக்கம் இழுக்குது. ரெண்டும் சரியாப் போச்சு. நீங்க சேர்த்து மட்டும் போடுங்க சார், போன வாரமும் குட்டையாத்தான் விட்டீங்க."

நான் ஒரு கப் இடப்பக்கம் அடித்தேன். பந்து ஒரு கப் இடப்பக்கமாகவே போய், ரெண்டடி குட்டையாக நின்றது. அவர் எதுவும் சொல்லவில்லை, கொடிக்கம்பைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

நம் ஊரில் கேடி கிடைப்பது பெரிய கொடுப்பினை. பல நாடுகளில் சாமானியர் தானே பையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். ஒரே கோர்ஸில் ஆடுகிறவர், அங்கேயே கிடந்து ஊறிய கேடி இருப்பவர், கிரீன் படிக்கும் வகுப்புக்குப் பணம் கட்ட வேண்டாம். அந்தப் பணத்தில் கேடிக்கு மேலே கொடுங்கள். மாதம் ஒரு புது கோர்ஸ், ஊட்டி, கொடைக்கானல் என்று சுற்றுகிறவருக்குக் கணக்கு மாறும். மலைக் கோர்ஸில் கண் ஏமாற்றும், கால் அவ்வளவாக ஏமாற்றாது. அவர் எய்ம்பாயின்ட் பக்கம் போகலாம்.

வீட்டு மேட்

வீட்டில் விரித்து பட் பழகும் விரிப்பு, சில ஆயிரத்துக்குக் கிடைக்கும். மழைக்காலத்துக்கு நல்லது. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பெரும்பாலான மேட்டில் கடைசியில் ஏற்றம் வைத்து, பந்து திரும்பி வரும்படி செய்திருப்பார்கள். அந்த ஏற்றத்தைத் தாண்டிக் குழியில் போட வேண்டுமென்றால் கொஞ்சம் வேகமாக அடிக்க வேண்டும். மூன்று மாதம் அதில் பழகிவிட்டு கிரீனுக்குப் போனால் நாலடிப் பட் நாலடி தாண்டும். ஏற்றம் இல்லாத மேட்டாக வாங்குங்கள், அல்லது மேட்டே வேண்டாம். அடர்த்தியான கம்பளமும் ஒரு பத்து ரூபாய் நாணயமும் போதும். வழவழப்பான டைல்ஸ் தரை மட்டும் ஆகாது, பந்து சோபாவுக்கு அடியில் போய்த்தான் நிற்கும்.

வீட்டில் செய்ய உகந்தது திசைப் பயிற்சி. டைகர் உட்ஸ் செய்யும் கேட் பயிற்சி எல்லோருக்கும் தெரிந்தது: பட்டர் தலை நுழையும் அளவுக்கு இரண்டு டீ (பந்தை நிறுத்தும் சின்னக் குச்சி) குத்தி, அதற்கு நடுவில் இடிக்காமல் அடிப்பது. கம்பளத்தில் டீ குத்த முடியாது. ரெண்டு தீப்பெட்டி நிறுத்தி வைத்தேன். இடித்தால் சரிந்துவிடும், ஏமாற்ற முடியாது. தினம் பத்து நிமிஷம். இதன் பலன் 3, 4 அடிப் பட்டில் தெரியும். என் கார்டில் அந்த வகையில் போனது ஒரே ஒரு ஸ்ட்ரோக் என்பதால் எனக்கு இது இரண்டாம் இடம். மூன்றடியை ரவுண்டுக்கு நாலு தடவை விடுகிறவர் இதைத்தான் முதலில் தொட வேண்டும்.

அளவுப் பயிற்சி

இதற்குக் காசே இல்லை, அதனால் யாரும் மதிப்பதும் இல்லை. பிராக்டிஸ் கிரீனில் நம் ஆட்கள் செய்வதைப் பாருங்கள். மூன்று பந்தைப் போட்டு, பத்தடியிலிருந்து ஒரே குழிக்கு அடிப்பார்கள். முதலாவது குட்டை, இரண்டாவது தாண்டும், மூன்றாவது விழும். 'வந்திருச்சு' என்று முதல் ஹோலுக்குப் போய்விடுவார்கள். கோர்ஸில் மூன்றாவது பந்து கிடையாது. முதல் பந்து மட்டும்தான்.

நான் செய்தது இது. ஒரே ஒரு பந்து. 20, 30, 40 அடியில் ஒரு டீ வீதம் குத்திவிட்டு, ஒவ்வொரு தடவையும் தூரத்தை மாற்றி அடிப்பது. குழிக்கு அடிப்பதில்லை, குழியைக் கண்டால் போடும் ஆசை வந்து அளவு கெட்டுவிடும். டீயைத் தாண்டி ஒரு பட்டர் நீளத்துக்குள் நின்றால் ஒரு புள்ளி. குட்டையாக நின்றால் ஒரு புள்ளி கழியும். பத்துப் புள்ளி வரும்வரை வீட்டுக்குப் போகக் கூடாது. முதல் நாள் ஐம்பது நிமிஷம் ஆயிற்று, இடுப்பு விட்டுப்போயிற்று.

ரெண்டு விஷயம் இங்கே பிடிபட்டது. தூரத்துப் பட்டில் ஒத்திகை வீச்சின்போது பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்துக்கொண்டே வீசினால் கைக்குத் தானாக அளவு வருகிறது. குப்பைத்தொட்டியில் காகிதத்தைக் கசக்கி எறியும்போது யார் கையைப் பார்க்கிறார்கள்? ஜோர்டன் ஸ்பீத் ஒரு காலத்தில் கிட்டத்துப் பட்டைக்கூட குழியைப் பார்த்துக்கொண்டே அடித்தார். அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை, ஒத்திகையோடு நிறுத்திக்கொண்டேன். இரண்டாவது, வீச்சைச் சின்னதாக வைத்துக்கொண்டு கடைசியில் வெடுக்கென்று தட்டுவதுதான் என் குட்டை பட்டுகளுக்கெல்லாம் மூலம். வீச்சின் நீளத்தைக் கூட்டி, வேகத்தை ஒரே சீராக வைத்தால் 30 அடிக்கும் 40 அடிக்கும் வித்தியாசம் காலடியில் எண்ண முடிகிறது: பின்னங்கால் கட்டைவிரல் வரை இழுத்தால் எனக்கு 20 அடி, அதற்கு ஒரு சாண் மேலே 30.

காலை ஆறு மணிக்கு ஆடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பனி காயாத கிரீனும் ஒன்பது மணி கிரீனும் ஒன்றில்லை. முதல் நாலு ஹோலில் பந்து தண்ணீர்க் கோடு போட்டுக்கொண்டு ஓடும், அளவு ஏமாற்றும். அங்கே கற்ற அளவை 10ஆம் ஹோலுக்குக் கொண்டுபோனால் தாண்டிவிடும்.

கிரிப்பும் நீளப் பட்டரும்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். இடது கையைக் கீழே வைக்கும் கிரிப்பு, நகம்போல் விரலை வைக்கும் கிளா கிரிப்பு இரண்டும் நல்லவைதான். மணிக்கட்டு உடைவதைத் தடுக்கும். ஷெஃப்லரே 2024 டிசம்பரில் கிளாவுக்குப் போனார். ஆனால் கிரிப்பு மாற்றினால் முதல் ஒரு மாதம் அளவு சுத்தமாகப் போய்விடும். என் வியாதிக்கு அது எதிர் மருந்து.

யிப்ஸ் வந்தவர் கதை வேறு. ரெண்டடிப் பட்டில் கை தானாக வெட்டுகிறது, மனசு சொன்னால் கேட்பதில்லை என்றால், அவர் மேலே சொன்ன எதையும் படிக்க வேண்டாம். நேராக நீளப் பட்டர், அல்லது கைத்தண்டையில் சாய்த்து அடிக்கும் ஆர்ம்-லாக் பக்கம் போகலாம். பல வருஷம் யிப்ஸோடு தவித்த குளோவர் நீளமான லேப் பட்டரை எடுத்து 2023 ஆகஸ்டில் அடுத்தடுத்த வாரம் ரெண்டு டூர் போட்டிகள் ஜெயித்தார். 2016 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது நீளப் பட்டர் அல்ல, அதன் முனையை நெஞ்சிலோ வயிற்றிலோ ஊன்றி அடிப்பதுதான். இன்னமும் சிலர் நீளப் பட்டரைக் கண்டாலே 'அது ரூல்ஸ்ல இல்லையே' என்கிறார்கள். நெஞ்சைத் தொடாமல் பிடித்தால் தாராளமாக ஆடலாம்.

கொடிக்கம்பைக் குழியில் வைத்தே பட் போடலாம் என்று 2019 முதல் விதி இருக்கிறது. இறக்கத்தில் நான் எடுப்பதில்லை. செலவில்லாத காப்பீடு.

எங்கே போட்டேன்

பழைய பட்டரை ஒரு கிளப் ரிப்பேர் ஆளிடம் கொடுத்து ஒன்றேகால் அங்குலம் வெட்டி, புது கைப்பிடி உறை போட்டேன். வெட்டினால் தலை லேசாகத் தோன்றும் என்று அவர் எச்சரித்தார். அடியில் கொஞ்சம் ஈய டேப் ஒட்டினார். எல்லாம் சேர்த்து 1,800. கோச் 1,500. ஒரு மாதம் கழித்துக் குறியை மட்டும் சரிபார்க்க இன்னொரு 1,500. கேடி அண்ணனுக்கு ரவுண்டுக்கு 200 கூடுதல். மிச்சம் வங்கியிலேயே இருக்கிறது. லேப் பட்டர் பற்றிய வீடியோக்களை இன்னும் பார்க்கிறேன், அதை மறைக்க விரும்பவில்லை.

நேரம்: வாரத்துக்கு ரெண்டு தடவை, தடவைக்கு ஒரு மணி அளவுப் பயிற்சி. வீட்டில் தீப்பெட்டி.

ஏழாவது வாரம் கார்டில் மறுபடியும் ஓரத்தில் எண்களைக் குறித்தேன். 33 பட். த்ரீ-பட் ஒன்றே ஒன்று, அதுவும் பனியில் 2ஆம் ஹோலில். 11ஆம் ஹோலில் அதே 12 காலடி. "சேர்த்து சார், சேர்த்து" என்று அண்ணன் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பந்து குழியை ஒட்டிப் போய் ஒன்றரை அடி தாண்டி நின்றது. விழுந்ததாகவே வைத்துக்கொள் என்று எதிராளி சொல்வதற்கு முன்பே அவர் அதை எடுத்து என்னிடம் போட்டுவிட்டார்.

மொத்த ஸ்கோரைக் கேட்பீர்கள். 97. ஏழு வாரம் முன்பும் அதே 97தான். 7ஆம் ஹோலில் தண்ணீருக்குள் ரெண்டு பந்து, 15இல் முதல் அடியிலேயே வேலிக்கு வெளியே ஒன்று. நன்றாக ஆடுகிறவருக்கும் சுமாராக ஆடுகிறவருக்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் ரெண்டு பங்கு தூர ஷாட்டுகளில்தான் இருக்கிறது என்று அதே பிராடிதான் சொல்கிறார். நான் அந்தப் பக்கத்தை மட்டும் தள்ளிவிட்டுப் படித்திருந்தேன். மீதி இருக்கும் சுமார் 24,000ஐ இப்போது டிரைவருக்கா (தூரம் அடிக்கும் கட்டைக்கா), டிரைவிங் ரேஞ்ச் பந்துகளுக்கா என்று அடுத்த யோசனை ஓடுகிறது. சனிக்கிழமை மூன்று பேரிடமும் கேட்டேன். புது டிரைவர், கோச், கிரிப்பு என்றார்கள்.